'ரன்'னா ஓடறதா? 644 மார்க் போச்சு!

ஒரு சின்ன டெஸ்ட் பாஸ். 'ரன்'னா என்ன அர்த்தம்? "ஓடறது"ன்னு சட்டுனு சொல்லிட்டீங்களா? ஒரு மார்க். மீதி 644 போச்சு!

காமெடி பண்ணலீங்க. ஆக்ஸ்ஃபோர்டு இங்கிலீஷ் டிக்‌ஷ்னரிக்காரங்க 2011-ல 'ரன்'னைத் திருத்தி எழுதினப்ப, வினைச்சொல்லுக்கு மட்டும் 645 அர்த்தம் தேறுச்சு. பீட்டர் கில்லிவர்னு ஒரு எடிட்டர், இந்த ஒத்தை வார்த்தையோட ஒன்பது மாசத்துக்கு மேல குடித்தனம் நடத்தியிருக்கார். நாம ஒரு பேப்பரை ஒரே ராத்திரியில முடிக்கிறோம்... சரி, அது வேற கதை. 1989-ல வந்த ரெண்டாவது பதிப்புல 'செட்'தான் சூப்பர் ஸ்டார், சுமார் 430 அர்த்தம். அப்புறம் 2000-ல 'மேக்', 2007-ல 'புட்'னு முந்திக்கிட்டு வந்து, கடைசியா 'ரன்' கோப்பையைத் தட்டிடுச்சு.

"அதனால எனக்கென்ன?"ன்னு கேட்காதீங்க. இந்த 645-ல ஒண்ணு என் ப்ராஜெக்ட் மேட்டைக் காலி பண்ணிடுச்சு.

பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம் அவன். அப்பா விவசாயி. ஒரு கோடையில கிணத்துல தண்ணி இல்லாம மோட்டார் ஓடி, காயில் கருகிப் போச்சு. மோட்டார் மெக்கானிக்கைக் கேட்டா 'ட்ரை ரன்'னு சொல்வார். தண்ணி வத்தின உடனே மோட்டார் தானா நிக்கற மாதிரி ஒரு கிட்... அதுதான் எங்க ப்ராஜெக்ட். சர்க்யூட் அவன், கோடிங் அவன், ரெண்டு தடவை சுட்டுக்கிட்டதும் அவன். நான் ரெக்கார்டு எழுதினேன், அழகா பைண்டிங் பண்ணேன். அவ்ளோதான்.

கேம்பஸ் இன்டர்வியூ. டையெல்லாம் கட்டிக்கிட்டு உள்ளே போனவன்கிட்ட, "கேன் யூ ரன் அஸ் த்ரூ யுவர் ப்ராஜெக்ட்?"னு கேட்டிருக்காங்க. ப்ராஜெக்டைப் பத்திக் கொஞ்சம் விளக்கிச் சொல்லுப்பான்னு அர்த்தம். நம்மாளு என்ன பண்ணான்? சுத்தி முத்தும் பார்த்துட்டு, "சார், கிட் ஹாஸ்டல்ல இருக்கு. எடுத்துட்டு வந்து ரன் பண்ணவா?"ன்னுட்டான். உள்ளே எல்லாரும் சிரிச்சிருக்காங்க. அதுக்கப்புறம் அவன் வாயில இருந்து ஒரு வார்த்தை வரலை.

சாயங்காலம் லிஸ்ட் ஒட்டினாங்க. பைண்டிங் பண்ணினவன் பேரு இருந்துச்சு. சுட்டுக்கிட்டவன் பேரு இல்லை. ராத்திரி அவனே இதை ஜோக் மாதிரி சொன்னப்ப ரூமே சிரிச்சுது. நானும்தான். அந்த சிரிப்பு இன்னும் உறுத்துது.

ஆனா ஒண்ணு மக்களே, இந்த 645-ஐயும் மனப்பாடம் பண்ண வேண்டியதில்லை. இங்கிலீஷோட பங்காளி மொழியான ஜெர்மன்ல 'ரின்னன்'னு ஒரு சொல் இருக்கு. 'ரன்'னோட ஒண்ணுவிட்ட தம்பி. அர்த்தம், தண்ணி ஒழுகறது. 'ரன்'ங்கறதுல காலும் இருக்கு, தண்ணியும் இருக்கு. மூக்கு 'ரன்' ஆகறதும், குழாய் 'ரன்' ஆகறதும், புதுச் சட்டையைத் துவைச்சா சாயம் 'ரன்' ஆகறதும் அந்தத் தண்ணிக் குடும்பம்தான். அப்புறம் மில்லு, ரயிலு, கம்ப்யூட்டர்னு மெஷினுங்க வந்துச்சு. நிக்காம போறது எல்லாத்துக்கும் இதையே தூக்கி மாட்டிட்டாங்க.

இதுல நாம சிரிக்க என்ன இருக்கு? நம்ம 'ஓடு' மட்டும் சும்மாவா? ஃபேன் ஓடுது, பஸ் ஓடுது, "மனசுக்குள்ள என்னடா ஓடுது?"ங்கறோம். 1944-ல வந்த 'ஹரிதாஸ்' மூணு தீபாவளி பார்த்து ஓடுச்சு. லண்டன்ல 'தி மவுஸ்ட்ராப்' நாடகம் 1952-ல ஆரம்பிச்சு, நடுவுல கொரோனாவுக்கு மட்டும் லீவு விட்டுட்டு, இன்னமும் 'ரன்னிங்'. "எப்படி இருக்கீங்க?"ன்னா "ஏதோ ஓடுது"ன்னு சொல்ற மாமாவை எந்த டிக்‌ஷ்னரி பிடிக்கும்?

நாம தடுக்கி விழற இடம் வேற. நமக்கு 'ஓடு', 'ஓட்டு'ன்னு ரெண்டு சொல் இருக்கு. தன்வினை, பிறவினைன்னு தமிழ் ஐயா நடத்தினது ஞாபகம் இருக்கா? மெஷின் ஓடுது, அவர் மெஷினை ஓட்டறார். இங்கிலீஷ்காரனுக்கு ரெண்டுக்கும் ஒரே 'ரன்'தான். அதான் ஒருத்தர் "ஐ ரன் எ ஹோட்டல்"னா, அவர் எங்கேயும் ஓடலை. கல்லாவுல உட்கார்ந்து ஹோட்டலை ஓட்டறார்.

அமெரிக்காவுல எலெக்‌ஷன்னா வேட்பாளர் 'ரன்' பண்ணுவார். பிரிட்டன்ல 'ஸ்டாண்ட்' பண்ணுவார். நம்ம ஆளுங்களும் நிக்கத்தான் செய்யறாங்க. ஜெயிச்ச பிறகு ஓடறதைக் கணக்குல சேர்க்காதீங்க!

பேங்க் மேல 'ரன்'னா இன்னும் பயங்கரம். பணம் போட்டவங்க எல்லாரும் ஒரே நேரத்துல எடுக்க ஓடி வர்றது. 2023 மார்ச் 9 அன்னிக்கு அமெரிக்காவோட சிலிக்கான் வேலி பேங்க்ல ஒரே நாள்ல 42 பில்லியன் டாலரை எடுக்க முயற்சி பண்ணாங்க. மறுநாள் பேங்க் இழுத்து மூடியாச்சு. இத்தனைக்கும் பெரும்பாலும் யாரும் ஓடலை, செல்போன்லயும் லேப்டாப்லயும் பட்டனைத் தட்டினாங்க. ஃபோர் அடிச்சுட்டு நடுவுல நின்னு கிளவுஸை சரி பண்ற பேட்ஸ்மேனுக்கு நாலு 'ரன்' தர்ற உலகம்தானே இது.

அடுத்த வாரம் எங்க காலேஜுக்கு இன்னொரு கம்பெனி வருது. 'ட்ரை ரன்'னுக்கு ஒத்திகைன்னு இன்னொரு அர்த்தமும் இருக்கு பாருங்க, அதைத்தான் நேத்து ராத்திரி எங்க ரூம்ல நடத்தினோம். நான் ஹெச்.ஆர். லுங்கி மேல டை. "ரன் மீ த்ரூ யுவர் ப்ராஜெக்ட்"டுன்னேன். ஒரு செகண்ட் முறைச்சான். அப்புறம் "சார், ஒன் டே மை ஃபாதர்ஸ் மோட்டார் ரேன் ட்ரை..."ன்னு ஆரம்பிச்சான். கிணறு, காயில், சென்சார்னு பதினஞ்சு நிமிஷம், கிராமர் அங்கங்க இடிச்சாலும் வண்டி நிக்கவே இல்லை. கடைசியில நான்தான், "தம்பி, டைம் ரன் அவுட்!"னு கத்த வேண்டியதாப் போச்சு.