தகப்பனார் சொத்தும் தகரப் பெட்டியும்

மதுரை மாசி வீதி ஒன்றில் ஒரு பழைய வீடு. வீட்டுப் பெரியவர் காலமாகிப் பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. திண்ணையில் பேச்சு ஆரம்பமாகிறது.

"சொத்தைப் பிள்ளைகள் பேருக்கு மாற்றினால் சர்க்கார் பாதியைப் பிடுங்கிக்கொள்ளுமாமே!" என்கிறார் ஒருவர்.

"ஒரு தம்படி வரி கிடையாது!" என்று அடித்துப் பேசுகிறார் மற்றவர்.

இரண்டுமே அரை உண்மைதான். ஆனால், அரை உண்மையை நம்பியவருக்கு நஷ்டம் மட்டும் முழுசாக வந்து சேரும்.

முதலாமவர் சொல்வது பழங்கதை. 1953 அக்டோபர் 15-ஆம் தேதி மரண வரி அமலுக்கு வந்தது. மிகப் பெரிய ஆஸ்திகளின் மேல் அது 85 சதவீதம் வரை ஏறியதும் உண்டு. வசூலோ சொற்பம், சிரமமோ அதிகம். ஆகவே 1985 மார்ச் 16 முதல் நிகழும் மரணங்களுக்கு அவ்வரி நீக்கப்பட்டது. இன்று உயில் மூலமோ, வாரிசுரிமையாலோ வரும் பணமும் நகையும் வீடும் நிலமும் பெறுகிறவரின் வருமானம் ஆகா.

ஆனால், பெரியவர் தம் காலத்தில் செலுத்தாது விட்ட வருமான வரி பாக்கிக்கு, கைக்கு வந்த சொத்தின் அளவுக்கு வாரிசுகள் பொறுப்பாளிகள். அவருக்குப் பின் வரும் வாடகையும் பாங்கி வட்டியும் வாரிசுகளின் வருமானக் கணக்கில் சேரும்.

உண்மையான சோதனை, வீட்டை விற்கும்போதுதான் வருகிறது. அப்போது சட்டம் கேட்பது, "உன் தகப்பனார் எப்போது, என்ன விலைக்கு வாங்கினார்?" என்பதே. அவர் ஆண்டுவந்த காலமும் பிள்ளையின் கணக்கில் சேரும். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கிய வீடானால் அன்றைய மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். அது அன்றைய வழிகாட்டி மதிப்பை மிஞ்சக் கூடாது.

வீடு 60 லட்சத்துக்கு விலை போகிறது என்று வைத்துக்கொள்வோம். 2001-இல் மதிப்பு 5 லட்சம். பிற்பாடு பெரியவர் மாடி கட்டிய செலவு 10 லட்சம். லாபம் 45 லட்சம்; 12.5 சதவீதப்படி வரி 5,62,500 ரூபாய், மேல்வரி தனி. "இனாமாக வந்த வீடுதானே!" என்று கிரயப் பத்திரத்தையும் கொத்தனார் ரசீதையும் எடைக்குப் போட்ட பிள்ளையோ, முழுத் தொகைக்கும் 7,50,000 ரூபாய் கட்ட நேரிடலாம். 2024 ஜூலை 23-க்கு முன் அடைந்த வீடு நிலங்களுக்கு, விலைவாசி உயர்வைக் கணக்கிட்டு 20 சதவீதம் செலுத்தும் வழியும் உண்டு; இரண்டில் குறைந்தது போதும்.

நஞ்சை நிலத்துக்கு விதி வேறு. பத்து லட்சம் ஜனத்தொகையைத் தாண்டிய நகரத்தின் எல்லையிலிருந்து நேர்க்கோட்டில் 8 கிலோ மீட்டருக்குள் இருந்தால், விற்ற லாபத்துக்கு வரி உண்டு. 2011-இலேயே மதுரை அக்கணக்கைத் தாண்டிவிட்டது. சிறு ஊர்களைச் சுற்றி இத்தூரம் குறையும். இவற்றுக்கெல்லாம் அப்பால், மேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பயிராகிவரும் வயலை விற்றால் அந்த வரி இல்லை.

வீட்டுப் பரண்மேல் ஒரு தகரப் பெட்டி இருக்குமே, அதை இன்றே இறக்குங்கள். எந்தக் காகிதம் எதற்கென்று பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் விட்டுச் செல்லும் ஆஸ்தியில் அந்தப் பெட்டியும் ஒன்று.