ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் பார்த்த டாலஸ் விமான நிலையம்

சென்னையிலிருந்து துபாய் வழியாகவோ தோஹா வழியாகவோ டாலஸ் வந்து, பிளானோவில் பிள்ளை வீட்டில் ஆறு மாதம் தங்கிப்போகும் பெற்றோரில் நிறையப் பேர் விமான நிலையங்களை வீல்சேரில் உட்கார்ந்தபடிதான் பார்த்திருக்கிறார்கள். சிலருக்கு முழங்கால் உண்மையிலேயே சரியில்லை. மற்றவர்களுக்கு, என் மனைவியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், காலில் ஒன்றுமே இல்லை. பிளானோ விநாயகர் கோயிலில் சுற்ற ஆரம்பித்தால் என்னை முந்திவிடுவாள். பயம்தான் காரணம். இறங்கியதும் எந்தப் பக்கம் போவது, இங்கிலீஷில் யாராவது ஏதாவது கேட்டால் என்ன சொல்வது, அடுத்த விமானம் போய்விட்டால் என்ன செய்வது? அதனால் டிக்கெட் போடும்போதே பிள்ளைகள் வீல்சேர் கேட்டுவிடுகிறார்கள். தள்ளிக்கொண்டு போகிற பையன் நல்லவன்தான். ஆனால் ஒரு மூலையில் கொண்டுபோய் விட்டு, கூப்பிடும்வரை இங்கேயே இருங்கள் என்று சைகை காட்டிவிட்டுப் போவான். நாலு மணி நேரம் ஒரு தூணையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “துபாய் ஏர்ப்போர்ட் ரொம்பப் பெருசுங்க” என்று ஊரில் வந்து சொல்வார்கள்.

நான் தெற்கு ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கடைசியாக இருந்தது விழுப்புரம் ஜங்ஷன். ஐந்து திசைக்குப் பாதை பிரியும் இடம் அது. வண்டி மாற இறங்குகிற கூட்டம் ராப்பகலாக இருக்கும். அடுத்த வண்டி எந்த பிளாட்பாரம், எத்தனை மணிக்கு என்று தெரிந்தவர் டீ குடிப்பார், வாரப் பத்திரிகை வாங்குவார், என்ஜின் பக்கம் போய் வேடிக்கை பார்ப்பார். தெரியாதவர் மூட்டையைவிட்டு எழுந்திருக்கவே மாட்டார். சிறந்த விமான நிலையம் எது என்று எழுதுகிறவர்கள் அருவி, தோட்டம், கடைவீதி என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது, ஜனங்கள் மூட்டையைவிட்டு எழுந்து நடமாடுகிறார்களா என்பதைத்தான்.

டாலஸ்-ஃபோர்ட் வொர்த் நிலையம் அந்தப் பரீட்சையில் தேறுவதற்கு முப்பது வருஷம் ஆயிற்று. 1973 செப்டம்பரில் திறப்பு விழா. கான்கார்ட் விமானம் அமெரிக்க மண்ணில் முதன்முதலாக இறங்கியது அந்த விழாவுக்குத்தான். விமானப் போக்குவரத்து தொடங்கியது 1974 ஜனவரியில். 17,000 ஏக்கருக்கு மேல் நிலம். மன்ஹாட்டன் தீவையே உள்ளே வைத்துவிடலாம். கட்டிடக்காரர்கள் மனதில் வைத்திருந்தது டெக்சாஸ்காரர் ஒருவரை. அவர் தன் காரில் வருவார், கேட்டுக்கு நேர் எதிரே நிறுத்துவார், நாலு எட்டு வைத்து விமானம் ஏறுவார். அதற்காகத்தான் டெர்மினல்களை அரைவட்டம் அரைவட்டமாகப் போட்டார்கள். வளையலை இரண்டாக உடைத்து நெடுஞ்சாலைக்கு இரண்டு பக்கமும் வைத்த மாதிரி இருக்கும். ஏறுகிறவருக்கு அருமையான ஏற்பாடு. வண்டி மாறுகிறவரைப் பற்றி யாரும் பெரிதாக யோசிக்கவில்லை.

1978-இல் அமெரிக்க அரசு விமானத் தொழிலின் மேல் இருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. அடுத்த ஆண்டே அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் தலைமையகத்தை நியூயார்க்கிலிருந்து இங்கே மாற்றிக்கொண்டு, 1981-இல் இதைத் தன் மைய நிலையமாக ஆக்கியது. அதாவது, ஏறுகிறவருக்காகக் கட்டிய ஸ்டேஷன் ஒரே வீச்சில் ஜங்ஷன் ஆகிவிட்டது. ஓர் அரைவட்டத்தில் இறங்கியவர் இன்னோர் அரைவட்டத்துக்குப் போக வேண்டும். ஆரம்பத்திலிருந்தே ஏர்டிரான்ஸ் என்று ஆளில்லாத சின்ன ரயில் ஒன்று ஓடியது. ஆனால் அது ஒரு திசையில் மட்டும் போகும். பக்கத்து நிறுத்தத்தை விட்டுவிட்டால் ஊரைச் சுற்றித்தான் திரும்பி வரலாம். அப் லைன் மட்டும் போட்டுவிட்டு டவுன் லைனை மறந்துவிட்டால் எப்படி இருக்கும் என்று ரயில்வேக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2005 மே மாதம் ஸ்கைலிங்க் வந்தது. உயரத்தில் ஓடும் பாதை, இரண்டு திசையிலும் வண்டி, ஐந்து டெர்மினலுக்கும் டெர்மினலுக்கு இரண்டு நிறுத்தம். இரண்டு நிமிடத்துக்கு ஒரு வண்டி வருகிறது. ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போக ஒன்பது நிமிடம் போதும். ஒருமுறை நியூவர்க்கில் இருக்கும் மச்சினர் வீட்டுக்குக் கிளம்பியபோது விமானம் தாமதம் என்று அறிவித்தார்கள். பிளானோவில் இருக்கும் மகளுக்குத் தகவல் சொல்லிவிட்டு அந்த வண்டியில் ஏறி ஒரு முழுச் சுற்று வந்தேன். ஜன்னலுக்குக் கீழே விமானங்கள் மூக்கை உள்ளே நீட்டி வரிசையாக நிற்கின்றன. பெட்டி ஏற்றுகிறவர்கள், எண்ணெய் வண்டி, உணவு ஏற்றும் லாரி, காதில் கவசம் மாட்டிக்கொண்டு கையில் கோலை ஆட்டி விமானத்தை உள்ளே கூப்பிடுகிறவர். ஒரு யார்டு இயங்குவதை மேலிருந்து பார்க்கிற வாய்ப்பு எனக்கு விழுப்புரத்தில்கூடக் கிடைத்ததில்லை.

இதில் நான் மெச்சுவது, இந்த ரயில் பாதுகாப்புச் சோதனைக்கு உள்பக்கம் ஓடுவதைத்தான். பெல்ட்டைக் கழற்றி, பையைத் திறந்து காட்டி ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் போதும். ஐந்து டெர்மினலும் நம்முடையவை. ஒன்றில் காப்பி பிடிக்கவில்லை என்றால் இன்னொன்றுக்குப் போகலாம். எங்கே போனாலும் பத்து நிமிடத்தில் நம் கேட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று தெரிந்தபிறகு உட்காருகிற உட்காரலே வேறு.

அதே வருஷம் ஜூலையில் திறந்த டி டெர்மினல்தான் நம்மவர்கள் வந்து இறங்குவது. அங்கே கிறிஸ்டோபர் ஜேனி என்ற இசை தெரிந்த கட்டிடக்கலைஞர் செய்த ‘சர்க்ளிங்’ என்று ஒன்று இருக்கிறது. வண்ணக் கண்ணாடிச் சுவர்களால் ஆன வட்டப் பாதை. உள்ளே நடந்தால் நம் அசைவுக்குத் தக்கபடி ஒலி எழும்பும். பெரியவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். குழந்தைகள்தான் ஓடி, நின்று, பின்னால் நகர்ந்து, எந்த அடிக்கு எந்தச் சத்தம் என்று கண்டுபிடிக்கிறார்கள்.

கலைப்பொருளில் எனக்குப் பிடித்தது தோஹா விமான நிலையத்தில் இருக்கும் மஞ்சள் கரடி. ஊர்ஸ் ஃபிஷர் என்ற சுவிஸ் சிற்பி வெண்கலத்தில் செய்தது, ஏழு மீட்டர் உயரம், முதுகில் ஒரு விளக்கு. அழகா என்றால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் ‘காணாமல் போனால் கரடிகிட்ட வந்து நில்லும்மா’ என்று போனில் சொல்ல முடிகிறது பாருங்கள், அதுதான் அதன் மதிப்பு. எழும்பூரில் யாரையாவது சந்திக்க வேண்டும் என்றால் நாம் எத்தனை அடையாளம் சொல்ல வேண்டியிருக்கிறது!

சத்தம் இன்னொரு விஷயம். அமெரிக்க விமான நிலையங்களில் ஒரு காலத்தில் கேட்டுக்குக் கேட் டிவி அலறும். விமான நிலையங்களுக்கென்றே சி.என்.என். தனியாக ஒரு சேனல் நடத்தியது. 2021 மார்ச்சோடு அதை நிறுத்திவிட்டார்கள். எல்லோர் கையிலும் போன் வந்தபிறகு அதை யார் பார்ப்பது? கொஞ்சம் அமைதி கிடைத்ததில் எனக்கு வருத்தமில்லை.

டிக்கெட் இல்லாதவர்களுக்கும் விமான நிலையத்தில் ஓர் இடம் வேண்டும். நம் ஊரில் ஒருவரை வழியனுப்ப ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் வருவார்கள். மீனம்பாக்கத்தில் டிக்கெட் இல்லாமல் கட்டிடத்துக்குள் போக முடியாததால் வாசலிலேயே அழுகையும் சிரிப்பும் முடிந்துவிடும். சிங்கப்பூரில் 2019-இல் திறந்த ஜுவல் கட்டிடத்தில் 40 மீட்டர் அருவியைச் சோதனைக்கு வெளியே வைத்தார்கள், ஊர்க்காரர் யாரும் போகலாம் என்று. டாலஸில் அப்படி அருவி எதுவும் இல்லை. இங்கே காருக்குத்தான் உபசாரம். ஆனால் வடக்கு ஓரத்தில் ஃபவுண்டர்ஸ் பிளாசா என்று ஒரு திடல் வைத்தார்கள். மகள் 121-ஆம் நெடுஞ்சாலை வழியாக எங்களை அங்கே கூட்டிப்போனாள். புல்தரை, மேஜை, தொலைநோக்கி. காசு கிடையாது. கட்டுப்பாட்டுக் கோபுரம் விமானிகளோடு பேசுவது ஒலிபெருக்கியில் கேட்டது. ஓர் எண்ணைச் சொன்னார்கள், ஓடுபாதையைச் சொன்னார்கள், விமானி அதையே திருப்பிச் சொன்னார். ரயில்வேயில் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் லைன் கிளியர் கொடுத்து வாங்குகிற அதே முறை! பேரன் விமானங்களின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் அந்தக் குரல்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மனைவி புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டு, “ஏங்க, இவ்வளவு கிட்டவா இறங்கும்?” என்றாள். பயமே இல்லாமல்.

2025 அக்டோபரில் பிளானோவிலிருந்து விமான நிலையத்துக்கு ரயிலும் வந்துவிட்டது. சில்வர் லைன் என்று பெயர். காட்டன் பெல்ட் என்ற பழைய ரயில் தடத்தில் ஓடும் டீசல் வண்டி. பிளானோவில் ஏறினால் அடிசன், கேரல்டன் வழியாக பி டெர்மினலில் கொண்டுபோய் விடும். கூட்ட நேரத்தில் அரை மணிக்கு ஒன்று, மற்ற நேரத்தில் மணிக்கு ஒன்று. மகள் சிரிக்கிறாள்: “அப்பா, காரில் பாதி நேரம் ஆகாது.” ஆகாதுதான். ஆனால் அடுத்த முறை ஊருக்குக் கிளம்பும்போது பெட்டிகளை அவள் காரில் ஏற்றிவிட்டு, நாங்கள் இருவரும் ரயிலில்தான் போவதாக இருக்கிறோம். வீல்சேர் வேண்டுமா என்று மனைவியிடம் கேட்டேன். துபாயில் மட்டும் வேண்டுமாம்.