டர்போவின் வாயைத் திருப்புவது ஏன், எப்படி?

ஒரே டர்போவை வெவ்வேறு கார்களில் மாட்டுகிறார்கள். ஒன்றில் காற்று வெளியேறும் வாய் இன்டர்கூலர் குழாய்க்கு நேராக நிற்கும். இன்னொன்றில் பானெட்டை முட்டும். அப்போதுதான் அந்த வாய் இருக்கும் கூட்டைத் திருப்ப வேண்டிவருகிறது.

டர்போவில் மூன்று பாகங்கள்: காற்றை அழுத்தும் அலுமினியக் கூடு, எரிபுகை பாயும் வார்ப்பிரும்புக் கூடு, நடுவில் தண்டையும் பேரிங்கையும் தாங்கும் பகுதி. போல்ட்டையோ கிளாம்ப்பையோ தளர்த்தினால் கூடுகள் தனித்தனியே சுழலும். நடுப்பகுதியை மட்டும் இஷ்டத்துக்குத் திருப்பக் கூடாது. ஆயில் மேலே நுழைந்து, தன் எடையாலேயே கீழே வடிகிறது. வடிகால் பக்கவாட்டில் சாய்ந்தால் ஆயில் தேங்கி, சீலைத் தாண்டிக் கசிந்து, சைலன்சரில் நீலப் புகையாக வரும்.

அலுமினியக் கூட்டை, கை பழகியவர் வீட்டிலேயே திருப்பலாம். ஆனால் கோணலாக இழுக்கக் கூடாது: உள்ளிருக்கும் சக்கரத்தின் இறக்கைக்கும் கூட்டின் சுவருக்கும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளிகூட இல்லை. நிமிடத்துக்கு லட்சம் சுற்றுகளைத் தாண்டும் சக்கரம் அது. சிறு நெளிவும் ஆபத்து. எரிபுகையைத் திசைதிருப்பும் வால்வை இயக்கும் வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டர் அதே கூட்டில் மாட்டியிருந்தால், அதன் பிராக்கெட்டையும் மாற்ற வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

வார்ப்பிரும்புப் பக்கம் அப்படியல்ல. சூட்டில் துருவேறி இறுகிய போல்ட், ஸ்பானர் போட்டதும் தலை முறிந்துவிடும். அதை மெக்கானிக்கிடமே கொடுத்துவிடுங்கள்.