சீட்டு கேட்டு வரும் திருடன்

அலுவலகத்தில் காலையில் ஒரு தடவை கடவுச்சொல் தட்டினால் போதும். மின்னஞ்சல், கோப்புகள், பிரிண்டர் எல்லாம் திறந்துகொள்கின்றன. பெரும்பாலான நிறுவனங்களில் இதைச் செய்வது, விண்டோஸ் 2000-உடன் வந்த ஆக்டிவ் டைரக்டரி. ஊழியர் கணக்குகள் அத்தனையும் அடங்கிய பேரேடு அது.

ஒவ்வொரு சேவைக்கும் அது ஒரு சீட்டு தருகிறது. அந்தச் சேவைக் கணக்கின் கடவுச்சொல்லிலிருந்து பிறந்த சாவியால் சீட்டு பூட்டப்பட்டிருக்கும். எந்த ஊழியர் கேட்டாலும் கிடைக்கும். சிக்கலே இதுதான். ஒரு சாதாரண ஊழியர் கணக்கைப் பிடித்த திருடன் சீட்டை வாங்கிப் போய், தன் கணினியில் கோடிக்கணக்கான சொற்களைப் போட்டுப் பார்க்கிறான். பூட்டை உடைக்கும் சத்தம் அலுவலகத்துக்குக் கேட்காது. கெர்பரோஸ்டிங் என்று இதற்குப் பெயர். 2014-ல் டிம் மெடின் வெளிப்படுத்தினார்.

நான் பார்த்த ஓர் அலுவலகத்தில் சேவைக் கணக்கின் கடவுச்சொல்லை ஒன்பது வருடமாக யாரும் தொடவில்லை. வெச்சவர் வேலையை விட்டே போயிட்டார். மாத்தினா சம்பளப் பட்டியல் நின்னுடுமோன்னு பயம்! இத்தனைக்கும், கடவுச்சொல்லைத் தானே மாற்றிக்கொள்ளும் கணக்கு வகை 2012 சர்வரிலேயே வந்துவிட்டது.

கண்டுபிடிக்க வழி உண்டு. சீட்டு கேட்பது 4769 என்ற எண்ணில் பதிவாகும், அந்தப் பதிவை இயக்கி வைத்திருந்தால். ஒரே கணக்கு சில நிமிடத்தில் பல சேவைகளுக்குச் சீட்டு கேட்டாலோ, பழைய ஆர்சி4 பூட்டில் கேட்டாலோ சந்தேகப்படலாம். ஆனால் பழைய மென்பொருளும் ஆர்சி4 கேட்கும். வீண் எச்சரிக்கை குவியும்.

எனக்குப் பிடித்தது பொறிக் கணக்கு. யாருக்கும் தேவைப்படாத ஒரு சேவைக் கணக்கை, உடைக்க முடியாத நீளக் கடவுச்சொல்லோடு போட்டு வைக்கிறோம். அதற்குச் சீட்டு கேட்டு ஒரே ஒரு 4769 விழுந்தாலும், கேட்ட கணக்கை உடனே முடக்கிவிட்டுத்தான் மற்ற விசாரணை.