நல்லவர்கள் கற்பித்த பாடம்

குழந்தைகளின் உள்ளத்தில் துவேஷத்தை விதைக்கிறவர்கள் துஷ்டர்கள்தாம் என்று எண்ணுவதில் நமக்கு ஒருவகை ஆறுதல் இருக்கிறது. துஷ்டர்களை அண்டவிடாமல் பார்த்துக்கொண்டால் குழந்தைகள் தப்பிவிடுவார்கள் என்று நம்பியிருந்துவிடலாம். பால்யப் பருவத்தைக் கருவாகக் கொண்டு அமெரிக்க இலக்கியத்தில் சிரஞ்சீவித்தன்மை பெற்றுவிட்ட இரண்டு நாவல்கள், மார்க் ட்வெயினின் ‘ஹக்கிள்பெர்ரி ஃபின்னின் சாகசங்கள்’ என்பதும் ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ என்பதும், அந்த ஆறுதலை நமக்குத் தர மறுக்கின்றன. ஜெபம் சொல்லிக்கொடுக்கும் மாது, பள்ளிக்கூடத்து உபாத்தியாயினி, வந்தவர்களை வயிறார உண்ணவைக்கும் இல்லத்தரசி ஆகிய நல்லவர்களின் மூலமாகவே, அதுவும் நல்லொழுக்கம் என்ற பெயரிலேயே, நிறத்துவேஷம் குழந்தையிடம் வந்து சேர்கிறது என்பதை இவ்விரு நூல்களும் பிட்டுப்பிட்டு வைக்கின்றன.

மார்க் ட்வெயின் என்ற புனைபெயரால் உலகம் அறிந்த சாமுவேல் கிளெமென்ஸ் 1835-இல் பிறந்து, மிஸௌரி மாகாணத்தில் மிஸிஸிப்பி நதிக்கரையிலுள்ள ஹானிபல் என்னும் சிற்றூரில் வளர்ந்தவர். அடிமை முறை தவறு என்று ஒருவரும் சொல்லித் தாம் சிறுவயதில் கேட்டதில்லை என்றும், தேவாலயத்துப் பிரசங்க மேடையிலிருந்தே அது கடவுளுக்கு உகந்த ஏற்பாடென்று போதிக்கப்பட்டதென்றும் அவர் பிற்காலத்தில் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். நாவல் 1884 டிசம்பரில் இங்கிலாந்திலும், 1885 பிப்ரவரியில் அமெரிக்காவிலும் வெளியாயிற்று. அப்போது அடிமை முறை சட்டப்படி ஒழிந்து ஏறக்குறைய இருபது வருஷங்கள் ஆகியிருந்தன. ஆனால் கதை நடப்பது, அந்த முறை அசைக்க முடியாததாகத் தோன்றிய முந்திய தலைமுறையில்.

குடிகாரத் தகப்பனிடமிருந்து தப்பியோடும் ஹக் என்ற சிறுவனும், தன்னை எண்ணூறு டாலருக்கு நியூ ஆர்லியன்ஸில் விற்றுவிட எஜமானி மிஸ் வாட்ஸன் யோசிப்பதை ஒட்டுக்கேட்டு ஓடிவந்த ஜிம் என்ற அடிமையும் ஒரு தெப்பத்தில் ஏறி நதியோடு போகிறார்கள். விடுதலை பெறக்கூடிய இடம் நெருங்கிவிட்டதென்று ஜிம் நம்பும் ஓரிரவில், கூலிவேலை செய்து பணம் சேர்த்து மனைவியை மீட்பேன், பிறகு இருவரும் உழைத்துப் பிள்ளைகளை மீட்போம், எஜமானன் விற்க மறுத்தால் ஆள் வைத்துத் திருடியாவது கொண்டுவருவேன் என்று அவன் வாய்விட்டுப் பேசுகிறான். கேட்டுக்கொண்டிருக்கும் ஹக் திடுக்கிட்டுப்போகிறான். தனக்கு எந்தத் தீங்கும் செய்யாத, தான் அறியாத யாரோ ஒரு மனிதனின் உடைமையை அல்லவா இவன் திருடப்போகிறான்! பெற்ற தகப்பன் தன் குழந்தைகளை எடுத்துக்கொள்வது திருட்டு என்று ஒரு சிறுவனுக்குத் தோன்றுகிறது. தோன்றுவது மாத்திரமல்ல, அதற்கு உடந்தையாக இருப்பதை நினைத்து அவன் மனம் உண்மையாகவே வேதனைப்படுகிறது. ஜிம்மைக் காட்டிக்கொடுக்கும் எண்ணத்தோடு படகில் புறப்படுகிறவன், ஓடிப்போன அடிமைகளைத் துப்பாக்கியுடன் தேடிவரும் இருவர் எதிர்ப்பட்டதும், தெப்பத்தில் அம்மைநோய் இருப்பதாக அவர்களை நினைக்கவைத்துத் திருப்பி அனுப்பிவிடுகிறான். பிறகு, நல்லதைச் செய்யத் தனக்குத் திராணியில்லையே என்று நொந்துகொள்கிறான்.

இந்தப் பேதைச் சிறுவனின் மனச்சாட்சியை உருவாக்கியவர்கள் கொள்ளைக்காரர்கள் அல்லர். அவனுக்கு எழுத்தும் ஜெபமும் சொல்லிக்கொடுத்துக் கரையேற்ற விரும்பிய, மிஸ் வாட்ஸனைப் போன்ற கண்ணியமான பெண்மணிகள். ஆகவேதான், வழியில் வந்து சேர்ந்துகொண்ட வஞ்சகர்கள் ஜிம்மை நாற்பது டாலருக்கு விற்றுவிட்ட பிறகு வருகிற அத்தியாயம், உலக இலக்கியத்தில் குழந்தையுள்ளத்தைப் பற்றி எழுதப்பட்ட பகுதிகளிலெல்லாம் தலைசிறந்தது என்று நான் கருதுகிறேன். ஜிம் இருக்குமிடத்தைத் தெரிவித்து மிஸ் வாட்ஸனுக்கு ஒரு கடிதம் எழுதி முடித்ததும், பாவமெல்லாம் கழுவப்பட்டுத் தான் பரிசுத்தனாகிவிட்டதாக ஹக் உணர்கிறான். ஆனால் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டுத் தெப்பத்தில் கழிந்த இராத்திரிகளையும், தன்னை எழுப்ப மனமில்லாமல் தன் முறைக் காவலையும் ஜிம்மே சேர்த்துப் பார்த்ததையும் நினைத்தபின், நரகத்துக்கே போவதென்றாலும் சரி என்று துணிந்து அதைக் கிழித்தெறிகிறான். தான் செய்வது தர்மம் என்று அவனுக்குத் தெரியாது. பாவம் என்று முழுமனத்தோடு நம்பிக்கொண்டே அதைச் செய்கிறான்.

அப்படித் துணிந்த பிறகேனும் அவனுடைய தப்பெண்ணம் நீங்கிவிட்டதா என்றால், அதுவும் இல்லை. அடுத்த அத்தியாயத்திலேயே, பரிவே உருவான ஸாலி அத்தை என்பவள், நீராவிக் கப்பலில் வெடி விபத்து நேர்ந்ததாக அவன் புனைந்து சொல்வதைக் கேட்டுப் பதறி, யாருக்கேனும் காயம் உண்டா என்று விசாரிக்கிறாள். ஒருவருக்கும் இல்லை, ஒரு கறுப்பன்தான் செத்தான் என்று ஹக் தயங்காமல் பதில் சொல்ல, நல்லவேளை, சில சமயங்களில் மனிதர்களுக்குக் காயம் பட்டுவிடுகிறது என்று அவள் பெருமூச்சு விடுகிறாள். ஒரு மனிதனை நேசிப்பதனாலேயே அவனுடைய இனத்தைப் பற்றிய எண்ணம் மாறிவிடுவதில்லை என்ற கடுமையான உண்மையை ட்வெயின் விளக்கவுரை எதுவுமின்றி நம் முன் வைத்துவிட்டு நகர்கிறார். இத்தகைய ஆசிரியர் கடைசி அத்தியாயங்களில் ஹக்கின் தோழன் டாம் ஸாயரைக் கொண்டுவந்து, ஜிம்மின் விடுதலையைப் பிள்ளை விளையாட்டாக்கியது எனக்கு இன்றளவும் பெருங்குறையாகவே படுகிறது.

ஹார்ப்பர் லீ பிறந்தது 1926-இல், அலபாமா மாகாணத்து மன்றோவில் என்ற ஊரில், தகப்பனார் வக்கீல். அவர் ஐந்து வயதை எட்டவிருந்த 1931 மார்ச்சில், அதே மாகாணத்தில் ஒன்பது கறுப்பு இளைஞர்கள் ஓடும் ரயிலில் இரண்டு வெள்ளைப் பெண்களைக் கற்பழித்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, ஸ்காட்ஸ்பரோ நகரில் முற்றிலும் வெள்ளையரே அடங்கிய ஜூரியால் விசாரிக்கப்பட்டு, சில வாரங்களுக்குள் எட்டுப் பேர் மரணதண்டனை பெற்றார்கள். 1960-இல் வெளியாகி மறு வருஷம் புலிட்ஸர் பரிசு பெற்ற இந்நாவலில் டாம் ராபின்ஸன் என்ற கறுப்பு இளைஞன்மீது சுமத்தப்படும் பழி அவ்வழக்கையே நினைவூட்டுகிறது. அடிபட்ட பெண்ணுக்குக் காயம் முகத்தின் வலப்பக்கத்தில். அவளுடைய தகப்பன் இடக்கைப் பழக்கமுள்ளவன். டாமின் இடக்கையோ சிறுவயதில் பருத்தி அரவை இயந்திரத்தில் சிக்கிச் சூம்பிப்போனது. இவ்வளவு தெளிவாயிருந்தும் ஜூரி அவனைக் குற்றவாளி என்கிறது. கறுப்பர்களுக்கென ஒதுக்கிய மாடத்திலிருந்து இதைப் பார்க்கும் டாமுக்காக வாதாடிய வக்கீல் அட்டிகஸின் மகன் ஜெம் அழுகிறான். சாட்சிக் கூண்டில் நிற்கும் டாமை எதிர்த்தரப்பு வக்கீல் அலட்சியமாகப் பேசும் தோரணையைத் தாளாமல் டில் என்ற சிறுவன் அதற்கு முன்பே அழுதுவிட்டான். இவனும் இன்னும் சற்று வளர்ந்தால் அழமாட்டான் என்று அங்கே ஒருவர் சொல்வது நம் நெஞ்சில் தைக்கிறது.

வழக்கு விசாரணையைப் பலரும் புகழ்கிறார்கள். எனக்கோ அதைவிட முக்கியமாகத் தோன்றுவது, அதற்குப்பின் அட்டிகஸின் வீட்டில் நடக்கும் ஒரு தேநீர் விருந்து. மிஷன் ஊழியத்தில் பற்றுள்ள மாதர்கள் கூடியிருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் எங்கோ வாழும் ஒரு குலத்தாரின் அவல நிலையை எண்ணிக் கண்கலங்கும் அதே மூச்சில், வழக்குக்குப்பின் தங்கள் சமையற்காரிகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பது கிறிஸ்தவப் பண்பாகாது என்று குறைப்பட்டுக்கொள்கிறார்கள். அந்நேரத்தில் அட்டிகஸ் உள்ளே வந்து, சிறையிலிருந்து தப்பியோட முயன்ற டாம் சுட்டுக் கொல்லப்பட்டான் என்றும், உடலில் பதினேழு குண்டுகள் பாய்ந்திருந்தன என்றும் அடுக்களையில் வைத்துச் சொல்கிறார். அத்தை அலெக்ஸாண்ட்ரா ஒரு நிமிஷம் நிலைகுலைந்து, பிறகு தன்னைத் தேற்றிக்கொண்டு கூடத்துக்குத் திரும்புகிறாள். அவளைப் பார்த்து, அட்டிகஸின் மகளான சிறுமி ஸ்கௌட்டும் பலகாரத் தட்டை ஏந்தி மாதர்களிடையே போகிறாள். துக்கத்தை விழுங்கிக்கொண்டு நிமிர்ந்து நடக்கும் தைரியத்தை அவள் அங்கே கற்கிறாள் என்பது மெய்தான். கொடுமை நடந்த மறுகணமே சம்பிரதாயத்தைத் தொடரும் பழக்கத்தையும் அதே தட்டோடு ஏந்திச் செல்கிறாள் என்பதும் மெய்தான். ஹிட்லர் யூதர்களைத் துன்புறுத்துவதை வகுப்பில் உள்ளமுருகிக் கண்டித்த உபாத்தியாயினி, கோர்ட்டு வாசலில் உள்ளூர்க் கறுப்பர்களைப் பற்றி வேறு குரலில் பேசியதைத் தன் காதாலேயே கேட்டுவிட்டு ஸ்கௌட் குழம்பும் இடத்தையும் இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஆனால் ஸ்கௌட்டுக்கு நியாயத்தைச் சொல்லித்தர வீட்டிலேயே ஒரு தகப்பனார் இருந்தார். ஹக்குக்கு ஒருவரும் இல்லை. லீயின் நாவலில் டாம் ராபின்ஸனின் அந்தரங்கம் நமக்குத் திறக்கப்படவே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். செவிடென்று அறியாமல் தன் சிறு மகளை அறைந்துவிட்டதை நினைத்து விம்மும் ஜிம்மை நாம் அறிந்த அளவுக்கு அவனை அறிவதில்லை. மாக்கிங்பேர்டுக்கு முன்பே எழுதப்பட்டு, 2015-இல்தான் அச்சேறிய ‘கோ ஸெட் எ வாட்ச்மன்’ என்ற நாவலில், இருபத்தாறு வயது ஸ்கௌட் நியூயார்க்கிலிருந்து ஊர் திரும்பி, தகப்பனார் வாதாடுவதைக் காண அண்ணனோடு உட்கார்ந்திருந்த அதே மாடத்திலிருந்து, அவர் நிறவெறியர்களின் கூட்டத்தில் அமைதியாக அமர்ந்திருப்பதைப் பார்க்கிறாள். வாசகர் பலர் மனம் உடைந்தார்கள். அட்டிகஸைக் களங்கப்படுத்திவிட்டதாகக் கோபித்தார்கள். எனக்கோ, ஹக் தெப்பத்தில் அநுபவித்த சோதனை காலந்தாழ்ந்து ஸ்கௌட்டையும் வந்து பற்றியதாகவே பட்டது. அவனுக்குப் போதித்தவள் ஓர் அயலாள், இவளுக்கோ நியாயம் இன்னதென்று அரிச்சுவடி கற்பித்த தகப்பனார். அவரோடு அவள் வாதாடும் பக்கங்கள் செம்மை பெறாதவைதாம். பேச்சு மிகுந்து கதை மெலிந்துவிடுகிறது. இருந்தும், மாக்கிங்பேர்டை நேசிக்கிறவர்கள் அந்தப் பக்கங்களைப் படிக்காமல் விட்டுவிடலாகாது என்பதே என் அபிப்பிராயம்.