"முடியாது" என்று சொல்லியிருந்தால்?
சரித்திரத்தை மாற்றும் கம்ப்யூட்டர் ஆட்டம்

1938 செப்டம்பர் மாதம். ஜெர்மனியின் மியூனிக் நகரில் நான்கு தலைவர்கள் கூடினார்கள். ஹிட்லர், முசோலினி, பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லின், பிரெஞ்சுப் பிரதமர் தலாதியே.

செக்கோஸ்லோவேகியாவின் எல்லைப் பகுதியை ஹிட்லர் கேட்டார். மற்றவர்கள் சம்மதித்தார்கள். செக்கோஸ்லோவேகியாவைப் பேச்சில் சேர்க்கவே இல்லை. வீட்டுக்காரரை வாசலில் நிறுத்திவிட்டு, வீட்டைப் பங்கு போட்ட கதைதான்!

1939 மார்ச் 15-ந் தேதி ஜெர்மன் படை அந்நாட்டின் தலைநகருக்குள்ளேயே புகுந்தது.

அன்று "முடியாது" என்று சொல்லியிருந்தால்?

சுவீடன் நாட்டு பாரடாக்ஸ் கம்பெனி 2016-ல் வெளியிட்ட "ஹார்ட்ஸ் ஆப் அயர்ன் 4" என்ற ஆட்டத்தில் இதைச் சொல்லிப் பார்க்கலாம். ஒரு நாட்டை நீங்கள் ஆளவேண்டும். திடீரென்று திரையில் ஒரு செய்தி வரும். கீழே இரண்டு, மூன்று பதில்கள் இருக்கும். எதைத் தொடுகிறீர்களோ, அந்தப் பக்கம் சரித்திரம் திரும்பும்.

1,024 கிளைகள்

இதை எழுதுவது லேசான வேலை அல்ல. கேள்விக்கு இரண்டு பதில் என்றால், பத்துக் கேள்விக்கு 1,024 கிளைகள்! அத்தனைக்கும் யார் கதை எழுதுவது? அதனால், பிரிந்த பாதைகளைச் சற்றுத் தள்ளி மறுபடி சேர்த்துவிடுவார்கள். ஆனால் உங்கள் பதிலை ஆட்டம் மறக்காது. நண்பனைக் கைவிட்டீர்களா? கணக்கில் ஒரு "கொடி" நட்டாயிற்று. பின்னால் நீங்கள் உதவி கேட்கும்போது அந்தக் கொடி எட்டிப் பார்க்கும்.

கம்ப்யூட்டர் நடத்தும் நாடு எப்படிப் பதில் சொல்லும்? சீட்டுக் குலுக்கல்தான். "சம்மதம்" 90 சீட்டு, "முடியாது" 10 சீட்டு என்று எழுதுகிறவர் போட்டு வைக்கலாம். பிரான்ஸ் துணைக்கு வந்தால் பத்தை ஐம்பது ஆக்கலாம்.

இங்கேதான் எழுதுகிறவரின் நேர்மை தெரியும். "முடியாது" என்றால் உடனே அழிவு என்று எழுதினால், யார் அதைத் தொடுவார்கள்? சுலபமான வெற்றி என்று எழுதினால், அது பொய். செக்கோஸ்லோவேகியாவுக்கு எல்லைக் கோட்டைகள் இருந்தன. ஸ்கோடா ஆயுதத் தொழிற்சாலை இருந்தது. ஆனால் 1938 மார்ச்சிலேயே ஆஸ்திரியாவை ஹிட்லர் விழுங்கிவிட்டார். அதனால் தெற்கு எல்லையிலும் ஆபத்து! இரண்டையும் எடை போட்டுத்தான் சீட்டு எழுதவேண்டும்.

ஆட்டத்தில் கடிகாரத்தை நிறுத்திவிட்டு யோசிக்கலாம். அதிபர் பெனெஷுக்கு அந்த வசதி இல்லை. செப்டம்பர் 30-ந் தேதி காலையில் ஒப்பந்தம் கைக்கு வந்தது. அன்றே அவரது அரசு சம்மதித்தது. அக்டோபர் 5-ந் தேதி அவர் பதவி விலகினார்.