கலைக்கு நிதி: கற்பிட்டிக் கரையில் எந்தக் கதவைத் தட்டுவது?

அரச உதவி தேடும் கற்பிட்டிக் கலைஞர் முதலில் போக வேண்டிய இடம், பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தர் இருக்கும் மேசை. பத்தரமுல்லையிலுள்ள கலாசார அலுவல்கள் திணைக்களத்தின் சுற்றறிக்கைகள் அந்த மேசைக்குத்தான் வருகின்றன. பிரதேச சாகித்திய விழாப் போட்டிகள், கலாபூஷணம் விருதுக்கான விண்ணப்பம், அரச நாடக விழா பற்றிய அறிவித்தல் எல்லாம் அங்கேயே கேட்டு அறியக்கூடியவை. பிரதேச மட்டத்தில் தெரிவானவர் மாவட்டத்துக்கும் அங்கிருந்து தேசிய மட்டத்துக்கும் போகிறார். இந்த ஏணியின் கீழ்ப்படியில் கால் வைக்காதவரின் பெயர் மேலே இருப்பவர்களின் காதில் விழுவது அரிது.

புத்தளக் கரையில் கலைக்குப் பஞ்சம் இருந்ததில்லை. கரைவலை இழுப்பவர்களின் அம்பாப் பாட்டு, கத்தோலிக்க ஊர்களின் கூத்து, முஸ்லிம் ஊர்களின் பக்கீர் பைத்தும் சிலம்படியும், தெற்கே உடப்பில் திரௌபதி அம்மன் கோயில் தீமிதிப்பை ஒட்டிய பாட்டும் ஆட்டமும், சிரம்பியடியில் ஆபிரிக்க வழிவந்தவர்கள் பாடும் மஞ்சா என்று ஒரே மாவட்டத்துக்குள் பல மரபுகள் நெருங்கிக் கிடக்கின்றன. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் கற்பிட்டியிலும் புத்தளத்திலும் குடியேறியபோது தங்கள் ஊர்ப் பாட்டுகளையும் கொண்டுவந்தார்கள். இவற்றில் பெரும்பாலானவை கடதாசியில் தடம் விடாத கலைகள். நிதியோ கடதாசியைப் பார்த்துத்தான் வருகிறது. இந்தக் கரையின் சிக்கல் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

கலாபூஷணம் விருதை எடுத்துக்கொள்வோம். அறுபது வயதைக் கடந்த கலைஞர்களுக்கு அரசு வழங்கும் விருது இது. சான்றிதழும் பணப்பரிசும் உண்டு. இலக்கியம், இசை, நாடகம், நடனம், ஓவியம், சிற்பம், நாட்டார் கலை என்று பல துறையினரும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பதாரர் தம் வயதையும் வதிவிடத்தையும் காட்ட வேண்டும். பிறப்புச் சான்றிதழாலும் கிராம உத்தியோகத்தரின் கடிதத்தாலும் அது முடிந்துவிடும். அதற்குப் பிறகுதான் பாடு: இத்தனை ஆண்டு கலைப் பணி செய்ததற்கு என்ன ஆதாரம்? பத்திரிகையில் கவிதை எழுதியவரிடம் நறுக்குகள் இருக்கும். பாடசாலையில் சங்கீதம் கற்பித்தவரிடம் சான்றிதழ் இருக்கும். நாற்பது வருடம் விடியற்காலையில் வலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு முதலடி பாட, மற்றவர்கள் பின்னடி எடுக்க, வலையைக் கரை சேர்த்த பாட்டுக்காரரிடம் என்ன இருக்கும்? அவருக்கு யாரும் அழைப்பிதழ் அடித்ததில்லை. சம்மாட்டி கொடுத்த பங்கு மீனுக்கு ரசீதும் இல்லை.

ஆகவே இப்படிப்பட்டவருக்கு முதல் உதவி பணமல்ல, ஒரு கோப்பு. அவர் பாடுவதைக் கைப்பேசியில் ஒளிப்பதிவு செய்து, நாளும் இடமும் குறித்து வைக்கலாம். பாட்டுகளை எழுதி எடுத்து, யாரிடம் கற்றார், யாருக்குக் கற்பித்தார் என்ற விவரத்தைச் சேர்க்கலாம். மீனவர் கூட்டுறவுச் சங்கம், பள்ளிவாசல் நிர்வாகம், பங்குத்தந்தை, கோயில் தர்மகர்த்தா சபை, பாடசாலை அதிபர் ஆகியோரிடம் கடிதம் வாங்கலாம். ஊர்ப் பாடசாலை விழாவில் ஒரு தடவை மேடையேற்றி நிகழ்ச்சி நிரலில் பெயரைப் போட்டால் அதுவும் ஆதாரமே. வெட்கப்பட வேண்டிய வேலை அல்ல இது. கொழும்பில் பேர்பெற்ற கலைஞர்கள் எல்லோரும் செய்வதுதான்.

கடதாசியின் பலத்தைக் காட்ட அறுபது ஆண்டுகளுக்கு முந்திய உதாரணம் ஒன்று உண்டு. இலங்கைக் கலைக்கழகம் 1952இன் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. அதன் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கிய பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரைத் தேடிப் போனார். அவர்களைப் பாராட்டவும் கூத்துப் போட்டிகள் நடத்தவும் வழி செய்தார். ஏட்டிலும் கையெழுத்துக் கொப்பியிலும் கிடந்த கூத்துகளைப் பதிப்பித்தார். கற்பிட்டிக்கு வடக்கே, கடலுக்கு அப்பால் இருக்கும் மன்னாரின் கத்தோலிக்கக் கூத்துகளான ‘மூவிராசர் நாடகம்’, ‘ஞானசவுந்தரி நாடகம்’ போன்றவை அச்சேறியது அப்படித்தான். இன்று பல்கலைக்கழகங்களில் மன்னார்க் கூத்து பாடமாக இருப்பதற்கு அந்த அச்சுப் பிரதிகள் ஒரு முக்கிய காரணம். புத்தளக் கரையின் கூத்துகளில் அந்த அளவுக்கு அச்சேறியவை குறைவு. இழப்பு எவ்வளவு என்பதை ஊர்ப் பெரியவர்களின் பெட்டிகளைத் திறந்தால்தான் சொல்ல முடியும்.

எழுத்தாளர்களின் நிலை சற்று மேல். கற்பிட்டிக்கு இதில் பெருமைப்பட ஒரு பெயரும் உண்டு: 1807இல் இங்கே பிறந்த சைமன் காசிச்செட்டி. இலங்கையின் ஊர்களையும் மக்களையும் அகர வரிசையில் விவரிக்கும் கசற்றியரை 1834இலும், தமிழ்ப் புலவர்களின் வரலாறு கூறும் ‘தமிழ் புளூட்டாக்’ நூலை 1859இலும் வெளியிட்டார். இரண்டும் ஆங்கிலத்தில் எழுதியவை. மணியகாரர் வேலையும் பின்னர் நீதிபதிப் பதவியும் அவருக்குச் சோறு போட்டன. அரச உத்தியோகம் பார்த்துக்கொண்டே எழுதுவது என்ற இலங்கைத் தமிழ் மரபு அன்றே தொடங்கிவிட்டது என்று சொல்லலாம்.

இன்றைய எழுத்தாளருக்கு அதைத் தவிர வேறு வழிகளும் இருக்கின்றன. தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை, கையெழுத்துப் பிரதிகளைப் பரிசீலித்துத் தெரிவு செய்து அச்சிட உதவும் திட்டம் ஒன்றை நடத்துகிறது. நூலுக்குரிய ஐ.எஸ்.பி.என். எண்ணை வழங்குவதும் அந்தச் சபையே. 955 அல்லது 624 என்ற எண் நூல் இலங்கையில் வெளியானதைக் காட்டும். இந்த எண் இல்லாத நூல், விருதுத் தெரிவிலும் நூலகக் கொள்வனவிலும் பின்தங்கிவிடும். கலாசார அலுவல்கள் திணைக்களம் எழுத்தாளர்களிடம் பிரதிகளைக் கொள்வனவு செய்வதும் உண்டு. முந்நூறு பிரதி அச்சடித்து வெளியீட்டு விழாவில் நூறு விற்றவருக்கு, அந்தக் கொள்வனவுதான் அச்சகக் கடனை அடைக்கிறது.

சிறுகதை எழுதுபவருக்கு நாட்டுக்கு வெளியே ஒரு நல்ல வாய்ப்பு இருப்பது பலருக்குத் தெரியாது. பொதுநலவாயச் சிறுகதைப் பரிசுக்குத் தமிழிலேயே கதை அனுப்பலாம். நுழைவுக் கட்டணம் இல்லை. 2021இல் அதன் ஒட்டுமொத்தப் பரிசை வென்றவர் இலங்கையரான கன்யா டி அல்மேதா, ஆங்கிலத்தில் எழுதியவர். மைக்கேல் ஒண்டாச்சி புக்கர் பரிசுப் பணத்தைக் கொண்டு நிறுவிய கிரேஷியன் பரிசு இலங்கையர் ஆங்கிலத்தில் எழுதுவதற்கானது. ஆனால் அதே அறக்கட்டளை, தமிழிலிருந்தும் சிங்களத்திலிருந்தும் ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பவர்களுக்கும் எச்.ஏ.ஐ. குணதிலக்க பெயரில் பரிசு வைத்திருக்கிறது.

நாடகக்காரருக்கு அரச நாடக விழாதான் பெரிய வாசல். பிரதியை முன்கூட்டியே அனுப்பித் தெரிவாக வேண்டும். வயதான நாடகக் கலைஞர்களின் நலனைக் கவனிப்பதற்கு 1978இன் 1ஆம் இலக்கச் சட்டத்தின்படி டவர் மண்டப அரங்க நிறுவகம் அமைந்தது. கைவினைஞருக்கு வழி வேறு. 1982இன் 35ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய அருங்கலைகள் பேரவையில் பதிவு செய்துகொண்டால் பயிற்சிகளுக்கும் கண்காட்சிகளுக்கும் அழைப்பு வரும். மாகாணப் போட்டியில் வென்றால் தேசிய சில்ப அபிமானி விருது வரை போகலாம். பனையோலை பின்னுபவர்கள் 1978இல் தொடங்கிய பனை அபிவிருத்திச் சபையையும் அணுகலாம்.

தனி ஆளைவிட மன்றத்துக்குத்தான் கூடுதல் நிதி கிடைக்கிறது. ஆனால் மன்றம் என்பது பெயர்ப்பலகையும் ரப்பர் முத்திரையும் மட்டுமல்ல. யாப்பு, உறுப்பினர் பட்டியல், கூட்டக் குறிப்பேடு, இருவர் கையொப்பமிடும் வங்கிக் கணக்கு, ஆண்டுக் கணக்கறிக்கை ஆகிய ஐந்தும் இருந்தால்தான் பிரதேச செயலகப் பதிவுக்கும் பிறகு நிதிக்கும் கை நீட்ட முடியும். தலைவர் வீட்டு அலுமாரிக்குள் குறிப்பேடு அடைபட்டு, அவர் வெளிநாடு போனதும் மன்றமே மறைந்துவிடுவது நம் ஊர்களில் புதிதல்ல. சமயம் சார்ந்த கலைகளுக்கு முஸ்லிம், இந்து, கிறிஸ்தவ சமயத் திணைக்களங்களையும் நாடலாம்.

வெளிநாட்டு நிதியில் இளங்கலைஞருக்குப் பொருத்தமானது நெதர்லாந்தின் பிரின்ஸ் கிளவுஸ் நிதியம். 1996இல் தொடங்கிய இந்த நிறுவனம் ஆசியா, ஆபிரிக்கா, இலத்தீன் அமெரிக்கா, கரீபியன், கிழக்கு ஐரோப்பா ஆகிய பகுதிகளின் கலைஞர்களுக்கு உதவுகிறது. கலைப் பயணத்தின் தொடக்க ஆண்டுகளில் இருப்பவர்களுக்கு 5,000 யூரோ வழங்கும் விதை விருது அதன் திட்டங்களில் ஒன்று. கற்பிட்டியில் 17ஆம் நூற்றாண்டுக் கோட்டையை விட்டுப்போன ஒல்லாந்தரின் நாட்டிலிருந்து கற்பிட்டிக் கலைக்குப் பணம் வரும் வழி ஒன்று இருப்பது ஒரு சுவையான திருப்பம்தான்.

இந்த வகை விண்ணப்பங்கள் தடுக்கி விழுவது வரவுசெலவுத் திட்டத்தில். ஒரு கூத்துக்கு மேடை, ஒலிபெருக்கி, உடுப்பு, ஒப்பனை, மத்தளக்காரர் சம்பளம், அண்ணாவியார் காணிக்கை என்று எழுதுவார்கள். மூன்று மாத ஒத்திகைக்கான தேத்தண்ணீரும் இரவுச் சாப்பாடும், தூர ஊரிலிருந்து வரும் நடிகரின் முச்சக்கரவண்டிக் கூலியும் எழுதப்படுவதில்லை. நிதி வந்த பின் இந்தச் செலவு தலைவரின் சட்டைப் பையிலிருந்து போகும். இன்னொன்று, ஊரார் இலவசமாகத் தரும் பந்தல், பாய், ஆள்வேலை ஆகியவற்றுக்கும் பண மதிப்புப் போட்டு மன்றத்தின் பங்களிப்பாகக் காட்டலாம். நிதி தருபவர்கள் இதைப் பெரும்பாலும் விரும்பவே செய்கிறார்கள்.

கடைசியாக, கையில் ஏற்கெனவே இருக்கும் சொத்து. 2003இன் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஆக்கியோனின் ஆயுளுக்கும் அதன் பின் 70 ஆண்டுகளுக்கும் பதிப்புரிமை தருகிறது. நிகழ்த்துபவருக்கும் தம் நிகழ்ச்சியைப் பதிவு செய்ய அனுமதிக்கும், மறுக்கும் உரிமை உண்டு. நாட்டார் கலை வெளிப்பாடுகளை மரபுச் சூழலுக்கு வெளியே வணிகத்துக்குப் பயன்படுத்துபவர் உரிய அதிகாரியின் அனுமதி பெற்றுக் கட்டணம் செலுத்த வேண்டும் என்று அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பணம் கலாசார வளர்ச்சிக்குச் செலவிடப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. டொல்பின் பார்க்கவும் காற்றுப்பட்டத்தில் கடல் மேல் சறுக்கவும் உல்லாசப் பயணிகள் வந்து குவியும் கற்பிட்டிக் குடாநாட்டில் இது ஏட்டுச் சுரைக்காயாக இருக்கக் கூடாது. விடுதி முற்றத்தில் றபான் அடிக்கவோ அம்பா பாடவோ அழைப்பு வந்தால், எவ்வளவு நேரம், எவ்வளவு பணம், ஒளிப்பதிவு செய்தால் அதை எங்கே பயன்படுத்தலாம் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தத் தாளின் பிரதியைக் கலாபூஷணக் கோப்பிலும் சேர்த்து வைக்கலாம்.